கார் சாவி இல்லாமல் கலிஃபோர்னியா

நாள் 1: சான் ஹோசே – சான் ஃபிரான்சிஸ்கோ

காலையில் கார் சாவியை மனைவியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். லாஸ் ஏஞ்சலஸில் அவள் தம்பி புது வீடு வாங்கியிருக்கிறான், போய்ப் பார்க்க வேண்டும். விமானத்தில் போனால் ஒன்றேகால் மணி நேரம், காரில் போனால் ஆறு மணி நேரம். நான் ரயிலில், அதுவும் வழியில் இறங்கி இறங்கிப் போகிறேன் என்றதும் "உங்களுக்கு லீவு அதிகமாயிருச்சு" என்று மட்டும் சொன்னாள்.

எல்லாம் ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் தொடங்கியது. அமெரிக்காக்காரனை காரிலிருந்து இறக்க முடியாது, சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் கட்டிக்கொண்டிருக்கும் அதிவேக ரயில் வெட்டிச் செலவு என்று ஒருவர் ஆரம்பிக்க, பதினெட்டு வருஷமாக இங்கே கார் ஓட்டும் நானும் தலையாட்டினேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், இந்த மாநிலத்தில் ஊர் விட்டு ஊர் ரயிலில் போனதே இல்லை. போகாத ஒன்றைப் பற்றி எவ்வளவு உறுதியாகப் பேசியிருக்கிறேன்! சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

சான் ஹோசேயிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போகும் கால்ட்ரெயின் 2024 செப்டம்பரில் முழுக்க மின்சாரத்துக்கு மாறியது. பழைய டீசல் வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் முக்கி முனகிக் கிளம்பும், ஒரு உலுக்கு உலுக்கும். இப்போது நான் மடியில் காபி வைத்திருந்தேன், வண்டி கிளம்பியதே தெரியவில்லை, பிளாட்பாரம்தான் பின்னால் போவது போல இருந்தது. வேகம் பிடிப்பதில்தான் வித்தியாசம். உச்ச வேகம் அதே 79 மைல், ஆனால் நின்று நின்று போகிற வண்டிக்குச் சீக்கிரம் வேகம் எடுத்தாலே நேரம் மிச்சம். எக்ஸ்பிரஸ் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பாதி இருக்கைக்கு மேல் ஆள் இருந்தது. வேலை நாள் காலையில் 101ஆம் நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

வழியெல்லாம் ரயில்வே கேட். மணி அடிக்கிறது, கட்டை இறங்குகிறது, கார்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. 40க்கு மேற்பட்ட கேட்டுகள். நாளைக்கு அதிவேக ரயில் வந்தால் இதே தண்டவாளத்தில்தான், இதே கேட்டுகளுக்கு நடுவில்தான், 110 மைல் வேகத்தில் வரும் என்பது திட்டம். தனிப் பாதை போட்டால் செலவு எகிறும், பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்கள் விடமாட்டார்கள், அதனால் இந்தச் சமரசம்.

கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் நகரத்தின் நடுவுக்கு இன்னும் ஒன்றேகால் மைல் இருக்கிறது. நடந்தேன். அங்கேதான் 2018இல் திறந்த பெரிய பேருந்து நிலையம் இருக்கிறது, மொட்டைமாடியில் ஐந்து ஏக்கருக்கு மேல் பூங்கா, மரம், புல்வெளி, மத்தியானச் சாப்பாட்டு டப்பாவோடு ஆபீஸ் ஆட்கள். அதற்கு அடியில், பூமிக்குக் கீழே, ரயிலுக்காக ஒரு முழு நிலையக் கூடு கட்டி வைத்திருக்கிறார்கள். தண்டவாளம் கிடையாது. நான் இன்று இறங்கிய இடத்திலிருந்து இங்கே வரச் சுரங்கம் வெட்டினால்தான் ரயில் வரும், அதற்கு மட்டும் 800 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்கிறார்கள். நான் கீழே நின்றுகொண்டிருந்தபோது பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த ஒரு அம்மா காவலாளியிடம் "ரயில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். காவலாளி இந்தக் கேள்வியை தினமும் கேட்பவர் போல, "இன்னும் வரலை, பஸ் மாடியில" என்றார்.

நாள் 2: ஃப்ரெஸ்னோவுக்கு

சான் ஃபிரான்சிஸ்கோவுக்குள் தொலைதூர ரயில் வராது. வளைகுடாவின் அந்தக் கரைக்குப் போய்த்தான் ஏற வேண்டும். பார்ட் என்ற நகர ரயிலில் கடலுக்கடியில் புகுந்து ரிச்மண்ட் போனேன். (ரயில் பைத்தியங்களுக்கு ஒரு துணுக்கு: பார்ட் பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம், நம் ஊர் பிராட்கேஜ் அளவேதான். அமெரிக்காவின் மற்ற பாதைகளெல்லாம் இதைவிடக் குறுகல், அதனால் இந்த வண்டி வேறு எந்தப் பாதையிலும் ஓடாது.)

ரிச்மண்டில் மாறி ஏறியதும் முதல் அரை மணி நேரம் தண்ணீர் ஓரமாகவே போகிறது. மார்டினெஸ் வரை இடதுபக்க ஜன்னலை விட்டுவிடாதீர்கள். அதன்பிறகு சமவெளி. பாதாம் தோட்டம், திராட்சை, மறுபடியும் பாதாம்.

போனில் வேகம் காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டேன். 76, 78, 79. அதற்குமேல் ஏறவே இல்லை. இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1946இல் இல்லினாய் மாநிலத்தின் நேப்பர்வில்லில் நின்றுகொண்டிருந்த ரயிலின் பின்னால் இன்னொரு விரைவு ரயில் வந்து மோதி 45 பேர் செத்துப்போனார்கள். மறுவருஷம் ஒரு விதி வந்தது: 80 மைலும் அதற்கு மேலும் போக வேண்டுமானால் டிரைவரின் அறைக்குள்ளேயே சிக்னல் காட்டும், அல்லது வண்டியைத் தானாக நிறுத்தும் கருவி வேண்டும். கருவிக்குச் செலவு செய்ய மனமில்லாத ரயில் கம்பெனிகள் 79இல் நின்றுவிட்டன. பக்கத்தில் நெடுஞ்சாலையும் விமான நிலையங்களும் வளர்ந்துகொண்டிருந்தபோது ரயிலை அந்த எண்ணில் கட்டிப்போட்டுவிட்டார்கள். அமெரிக்காவின் பெரும்பாலான பாதைகளில் இன்றைக்கும் அதே 79தான்.

மொடெஸ்டோவுக்கு முன்னால் எங்கோ வயல் நடுவில் வண்டி நின்றது. கிராஸிங். எதிரே சரக்கு ரயில். பெட்டி மேல் பெட்டியாக இரண்டடுக்குக் கன்டெய்னர்கள், நூற்றுப் பதினேழு வரை எண்ணினேன், கண் சுழல ஆரம்பித்ததும் விட்டுவிட்டேன். பயணிகள் ரயிலுக்குத்தான் முன்னுரிமை என்று 1970களிலேயே சட்டம் இருக்கிறது. ஆனால் தண்டவாளம் சரக்குக் கம்பெனிகளின் சொத்து, அவர்களின் வண்டி ஒதுங்கு பாதையைவிட நீளம், அதனால் ஒதுங்க வேண்டியது யார் என்று பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. சட்டம் சட்டத்தின் இடத்தில் இருக்கிறது, நாங்கள் வயலில் இருந்தோம்.

பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி. எழுபத்தைந்து வயதிருக்கும். ஓக்லாண்டில் வீடு, ஃப்ரெஸ்னோவில் பேத்தி. கண்ணில் பிரச்சினை வந்தபிறகு டாக்டர் கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். "ஐம்பது வருஷம் ஓட்டியாச்சு, ஒரே நாளில் நிறுத்து என்றால்?" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிர் இருக்கையில் இருந்த கல்லூரிப் பையனுக்குக் கார் வாங்கக் காசில்லை. வண்டியை ஒரு சுற்று நடந்து பார்த்தேன். கார் ஓட்டப் பிடிக்காதவர்கள் என்று யாரும் கண்ணில் படவில்லை, ஓட்ட முடியாதவர்கள்தான் நிறைய. கார்ப் பிரியர்களின் நாடு என்று நாம் சொல்லும்போது இவர்களை எந்தக் கணக்கில் வைக்கிறோம் என்று தெரியவில்லை.

நாள் 3: ஃப்ரெஸ்னோ

இன்று எரிச்சலில் தொடங்குகிறேன். ஐந்தரை லட்சம் பேர் வாழும் ஊர். ரயிலடியிலிருந்து நாலு மைல் தள்ளி, அதிவேக ரயிலுக்காகக் கட்டிய ஒரு பாலத்தைப் பார்க்கப் போக வேண்டும். செயலியில் வண்டி கூப்பிட்டேன், ஏற்றுக்கொண்டு ரத்து செய்தார், இன்னொருவர் ஏற்றுக்கொண்டு அவரும் ரத்து செய்தார், மூன்றாமவர் வந்து சேர நாற்பது நிமிஷம். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, எல்லாம் ஒன்றுதான். வெயிலில் நின்ற அந்த நாற்பது நிமிஷத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: 220 மைல் வேகத்தில் ரயில் வந்து என்னை இங்கே இறக்கிவிட்டால், மிச்சம் பிடித்த நேரம் முழுக்க இந்த நடைபாதையிலேயே கரைந்திருக்கும். அதிவேக ரயில் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணங்களில் எனக்கு மறுக்கத் தெரியாதது இது ஒன்றுதான். டோக்கியோவில் இறங்கினால் அடுத்த ரயில் காலடியில் இருக்கும். இங்கே காலடியில் தார் ரோடு.

பாலத்துக்கு வருகிறேன். 99ஆம் நெடுஞ்சாலைக்கு மேலே வளைந்து வளைந்து நாலு பெரிய கான்கிரீட் வில்கள், மொத்த நீளம் 3,700 அடி, 2023இல் கட்டி முடித்தார்கள். படத்தில் பார்த்ததைவிட நேரில் அழகு. கிட்டப் போனால் கான்கிரீட்டில் அச்சுப் பலகையின் ரேகைகூடத் தெரிகிறது. தூணில் கைவைத்தேன், வெயிலிலும் நிழல்பக்கம் ஜில்லென்று இருந்தது. கீழே லாரிகள் இரைந்துகொண்டு போகின்றன, மேலே புறா மட்டும்தான் இருக்கிறது.

கதைச் சுருக்கம் இது. 2008 நவம்பரில் கலிஃபோர்னியா மக்கள் அதிவேக ரயிலுக்கான 995 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஓட்டுப் போட்டார்கள் (எனக்கு அப்போது ஓட்டு இல்லை). சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு 2 மணி 40 நிமிஷம், மொத்தச் செலவு சுமார் 3,300 கோடி, 2020இல் ரயில் ஓடும் என்று பேச்சு. 2015இல் இங்கே ஃப்ரெஸ்னோவில் பூஜை போட்டார்கள். 2024இல் சொன்ன மதிப்பீடு 8,900 கோடியிலிருந்து 12,800 கோடி வரை. முதலில் மெர்செட்டிலிருந்து பேக்கர்ஸ்ஃபீல்ட் வரை 171 மைல் மட்டும், அதுவும் 2032-33 வாக்கில். 2025 ஜூலையில் மத்திய அரசு தருவதாக இருந்த சுமார் 400 கோடி டாலரை ரத்து செய்தது. செப்டம்பரில் மாநிலச் சட்டமன்றம் 2045 வரை வருஷத்துக்கு 100 கோடி என்று ஒதுக்கியது. இந்தப் பணம் இருக்கிறது, அந்தப் பணம் போய்விட்டது என்று பத்து வருஷமாக இப்படித்தான்.

ஏன் நடுவில் ஆரம்பித்தார்கள் என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள், நானும் செய்தவன்தான். 2009 பொருளாதார மீட்புத் திட்டத்தில் வந்த மத்திய அரசுப் பணத்தை 2017 செப்டம்பருக்குள் செலவழித்தாக வேண்டும் என்று கெடு. மலை குடைய நேரமில்லை, நகரத்துக்குள் இடம் எடுக்க நேரமில்லை, சமவெளிதான் சீக்கிரம் நடக்கும் என்று இங்கே வந்தார்கள். வந்து, நிலம் கைக்கு வரும் முன்பே கட்டுமான ஒப்பந்தம் கொடுத்துவிட்டார்கள். 2,000க்கு மேற்பட்ட துண்டு நிலங்கள். ஒப்பந்ததாரர் மெஷினோடு வந்து நிற்கிறார், நிலம் இன்னும் கோர்ட்டில் இருக்கிறது, காத்திருந்த நாளுக்கும் காசு. ஆயத்தம் முடியாமல் வேலையைத் தொடங்கியதுதான் செலவை ஏற்றியது என்று மாநிலத் தணிக்கையாளரே 2018இல் எழுதினார். இதில் காருக்கு என்ன சம்பந்தம்? டொயோட்டா செய்கிற ஜப்பான் 1964இலேயே புல்லட் ரயில் விட்டது. வேக வரம்பே இல்லாத நெடுஞ்சாலை வைத்திருக்கிற ஜெர்மனி 1991இல் விட்டது. ஃபியட்டின் இத்தாலி, ரெனோவின் பிரான்ஸ், யாரும் காரை வெறுத்தவர்கள் இல்லை. மொராக்கோவில்கூட 2018இலிருந்து மணிக்கு 320 கி.மீ.யில் ஓடுகிறது.

மாலையில் ஊருக்கு வெளியே ஒரு பாதாம் விவசாயியிடம் பேசக் கிடைத்தது. ரயில் பாதை அவர் தோப்பைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. குறுக்காக என்பதுதான் அவர் குறை. நேராக வெட்டியிருந்தால் வரிசை மிஞ்சியிருக்கும், குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு வரிசையிலும் சொட்டுநீர்க் குழாய் பாதியில் நிற்கும், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி பம்பு வேண்டும், டிராக்டர் திரும்ப இடம் விட வேண்டும், அதில் இன்னும் மரம் போகும். பணம் கொடுத்தார்கள், அதைப் பற்றிப் பேச்சில்லை. பிக்கப் வண்டியில் சாய்ந்துகொண்டு, "ஓடினா நானும் ஏறிப் போவேன். என் மரத்தை வெட்டிட்டு சும்மா போட்டு வச்சிருக்காங்களே, அதுதான் வயிறு எரியுது" என்றார். (அவர் பேசியது ஆங்கிலம், வயிறு எரிந்தது தமிழில்தான்.)

நாள் 4: லாஸ் ஏஞ்சலஸ்

காலை ரயில். ஃப்ரெஸ்னோவைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பாலங்கள் வந்துகொண்டே இருந்தன, சில முழுசாக, சில இரண்டு பக்கமும் சரிவில்லாமல் வயலின் நடுவே மேடை மாதிரி. காலண்டர் இல்லாமல் பார்த்தால் கட்டிக்கொண்டிருக்கிறார்களா, கைவிட்டுவிட்டார்களா என்று சொல்ல முடியாது. கோர்கரன் பக்கம் நிலத்தடி நீரை இறைத்து இறைத்து தரையே இறங்கிக்கொண்டிருக்கிறது. 2023 மழையில் அதன் பக்கத்தில் வற்றிப்போன துலாரி ஏரி திரும்பி வந்து வயல்களை முழுங்கியது. இந்த மண்மேல்தான் மில்லிமீட்டர் சுத்தத்தில் தண்டவாளம் நிற்க வேண்டும்.

பேக்கர்ஸ்ஃபீல்டில் ரயில் முடிந்துவிடுகிறது. எல்லோரும் இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, வெளியே வரிசையாக நிற்கும் பஸ்ஸில் ஏறுகிறோம். இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவில் ஓடும் ரயில் மலையடிவாரத்தில் வந்து நின்று, இனி பஸ்ஸில் போங்கள் என்கிறது.

இதைவிட வேடிக்கை என்னவென்றால், மலைக்கு மேலே தண்டவாளம் இருக்கிறது. 1876 செப்டம்பரில் தங்க ஆணி அடித்துத் திறந்த பாதை. ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் கைக்கோடாலியாலும் வெடிமருந்தாலும் டெஹாச்சப்பி மலையைக் குடைந்து போட்டது. உயரம் ஏற ஒரு இடத்தில் பாதை முழு வட்டம் அடித்துத் தன்மேலேயே ஏறிக் கடக்கும், நீளமான சரக்கு ரயிலின் தலை தன் வாலுக்கு மேலே போவதைப் பார்க்கவே ஆட்கள் கேமராவோடு வருகிறார்கள். சரக்கு போகலாம், வழக்கமான பயணிகள் ரயில் கிடையாது. ஒற்றைப் பாதை, நெரிசல், கம்பெனி இடம் தராது. 1876இல் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து இந்த வழியே ரயிலிலேயே லாஸ் ஏஞ்சலஸ் போக முடிந்தது. இன்று நான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

கடலோரமாக ஒரு ரயில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நாளைக்கு ஒன்று, காட்சிக்காக ஏறலாம், அவசரத்துக்கு ஏற முடியாது.

பஸ் டெஹோன் கணவாயில் 4,144 அடி வரை ஏறி இறங்கியது. ஏற்றத்தில் லாரிகள் ஊர்ந்தன, இறக்கத்தில் பஸ் பிரேக்கின் வாசனை உள்ளேயே வந்தது. பள்ளத்தாக்குக்குள் இறங்கியதும் ஐந்து வரிசையிலும் சிவப்பு விளக்கு. கடைசி இருபது மைலுக்கு ஒரு மணி நேரம். பின்சீட்டில் குழந்தை அழுதுகொண்டே வந்தது, அதோடு சேர்ந்து நானும் அழுதிருப்பேன்.

அதிவேக ரயிலுக்கும் இந்த மலைதான் பிரச்சினை. பாம்டேலிலிருந்து பர்பேங்க் வரை பெரும்பகுதி சுரங்கமாகவே போக வேண்டும், பூகம்பப் பிளவுகள் வேறு. செலவின் பெரிய பங்கு இங்கேதான். ஆனால் ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும். மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனா 621 கி.மீ. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் சாலைவழி தூரம் சுமார் 610. ஸ்பெயினில் அந்தப் பாதை முழுசாகத் திறந்தது 2008 பிப்ரவரியில், அங்கேயும் மலை இருக்கிறது, அங்கேயும் எல்லோரிடமும் கார் இருக்கிறது. இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேருகிறது, அந்த வழியில் விமானக் கம்பெனிகளின் கூட்டத்தில் பெரும்பகுதியை ரயில் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் நவம்பரில் கலிஃபோர்னியா ஓட்டுப்பெட்டிக்குப் போனது.

யூனியன் ஸ்டேஷன், 1939இல் கட்டியது, ஓடு வேய்ந்த ஸ்பானிஷ் பாணி, மர நாற்காலிகள், உயர உயரமான ஜன்னல்கள். மச்சினன் வாசலில் காரோடு நின்றான்.

"என்ன அத்தான், எத்தனை மணி நேரம்?"

"இடையில ஃப்ரெஸ்னோல தங்கினதைக் கழிச்சிட்டா பத்து."

"ஃப்ளைட்ல வந்திருந்தா இந்நேரம் ரெண்டு தடவை போய்ட்டு வந்திருக்கலாம்."

பதில் பேசவில்லை. பசி.

நாள் 5: சண்டை

வீடு நன்றாக இருக்கிறது. மூன்று கார் நிற்கும் கொட்டகை, அவனிடம் இருப்பது இரண்டு, மூன்றாவது இடத்தைப் பார்த்து இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறான்.

கடை கண்ணி என்று நாள் முழுக்க காரில் சுற்றினோம். 405ஆம் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது அவன் ஆரம்பித்தான். "ரோட்டுக்கு நாம கேஸ் போடும்போதே வரி கட்டிடுறோம் அத்தான். ரயிலுக்கு யாரு கட்டுறா? ஓசிதானே?" இதை எல்லோரும் நம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். மத்திய அரசின் பெட்ரோல் வரி கேலனுக்கு 18.4 சென்ட். 1993இலிருந்து ஒரு சென்ட்கூட ஏற்றவில்லை. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, வண்டிகளும் குறைவாகக் குடிக்கின்றன, மின்சாரக் காரோ கேஸ் வரியே கட்டுவதில்லை. அதனால் 2008இலிருந்து நெடுஞ்சாலை நிதியில் துண்டு விழ விழ பொதுப் பணத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கார் வைத்திருக்காத அந்தப் பாட்டியின் வருமான வரியும் இந்த 405இல் கிடக்கிறது. அப்புறம் ஆரம்பத்திலும் பாருங்கள், 1956இல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டத்தில் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மத்திய அரசே கொடுத்தது. அப்படி ஒரு பண ஏற்பாடு ரயிலுக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. கார்மேல் காதல் தானாக வந்தது என்கிறார்கள், வரதட்சணை யார் கொடுத்தது என்று யாரும் கேட்பதில்லை.

"இந்த ரோட்டையே அகலப்படுத்தினாங்களே" என்றான். ஆமாம், நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்து, ஐந்து வருஷம் மக்களை வதைத்து, 2014இல் முடித்தார்கள். நாங்கள் அதில்தான் நின்றுகொண்டிருந்தோம். முன்னால் இருந்த வண்டியின் நம்பர் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அவனும் விடவில்லை. "டிரைவர் இல்லாத கார் வந்திரும், தூங்கிட்டே போவோம், ரயில் எதுக்கு?" வாதம் நல்ல வாதம்தான். சான் ஃபிரான்சிஸ்கோவிலும் இங்கேயும் அவை ஏற்கெனவே தெருவில் ஓடுகின்றன. ஆனால் டிரைவர் இல்லாத காரும் இதே வரிசையில்தான் நிற்கும். எனக்கு வேறொன்று தோன்றியது: ஃப்ரெஸ்னோவில் நாற்பது நிமிஷம் வெயிலில் நின்றேனே, அந்த இடத்துக்கு இந்த வண்டி சரியான மருந்து. ரயிலுக்குப் போட்டியாக வரும் என்று அவன் சொல்வது ரயிலுக்குக் குறைந்த ஒன்றை நிரப்பவும் வரலாம்.

சொன்னேன். "நீங்க எதைச் சொன்னாலும் ரயிலுக்கே கொண்டுபோய் நிறுத்துங்க" என்றான்.

நாள் 6: ராஞ்சோ குக்கமோங்கா

பேர் விசித்திரமாக இருக்கிறதே என்று மட்டும் போகவில்லை. யூனியன் ஸ்டேஷனிலிருந்து புறநகர் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், கொஞ்ச தூரம் நெடுஞ்சாலையின் நடுவிலேயே ஓடுகிறது. இந்த ஊரிலிருந்து லாஸ் வேகஸுக்கு 218 மைல், தனியார் கம்பெனி ஒன்று அதிவேக ரயில் போடுகிறது, பெயர் பிரைட்லைன் வெஸ்ட். 2024 ஏப்ரலில் வேலை தொடங்கியது. சுமார் இரண்டு மணி நேரத்தில் போகும் என்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது பாதை எடுத்த விதம். 15ஆம் நெடுஞ்சாலையின் இரண்டு திசைக்கும் நடுவில் சும்மா கிடக்கும் மண்ணில்தான் பெரும்பாலும் தண்டவாளம். யாருடைய பாதாம் தோப்பையும் வெட்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேகஸுக்குப் போகும் வண்டிகள் அந்தப் பாலைவனத்தில் மைல்கணக்கில் நிற்கும், நிற்கிறவர்களின் பக்கத்தில் ரயில் பறக்கும். இதைவிட விளம்பரம் வேண்டுமா? ஆனால் நெடுஞ்சாலையின் வளைவுக்கு ஏற்பத்தான் ரயிலும் வளைய வேண்டும், பல இடங்களில் வேகம் குறையும், பெரும்பகுதி ஒற்றைப் பாதை. தனியார் என்றால் செலவு ஏறாது என்று நம்புகிறவர்களுக்கு: 1,200 கோடி என்று தொடங்கியது இப்போது 2,000 கோடியைத் தாண்டிவிட்டது.

குறை சொல்கிறவர்கள், இது லாஸ் ஏஞ்சலஸே இல்லையே, ஊருக்கு வெளியே நாற்பது மைல் தள்ளி வைத்திருக்கிறார்களே என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். இங்கே நின்று பார்த்தபோது பக்கத்தில் கார் நிறுத்தும் இடம்தான் கண்ணை நிறைத்தது, அதைப் பார்த்ததும் மச்சினன் ஞாபகம் வந்தது. அவனைக் காரை விடு என்றால் விடமாட்டான். காரில் வந்து நிழலில் நிறுத்திவிட்டு ஏறு என்றால் ஏறுவான். விமானத்துக்கு அதைத்தானே செய்கிறான்? வேகஸில் இறங்கினால் அவனுக்குக் கார் தேவையும் இல்லை. ஃப்ரெஸ்னோவில் இறங்கினால் தேவை. எந்த இரண்டு ஊருக்கு நடுவில் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நியூயார்க்கிலிருந்து இங்கே சுமார் 4,000 கி.மீ., எங்கேயும் நிற்காமல் 300இல் வந்தாலும் 13 மணி நேரம், அதற்கு விமானம்தான். முந்நூறிலிருந்து எழுநூறு கி.மீ. வரை, இரண்டு முனையிலும் கூட்டம், நடுவில் நெரிசல், அந்த மாதிரி ஜோடிகள் இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவை, ஆனால் இருக்கின்றன. பாஸ்டன்–வாஷிங்டன் வழியில் நூறு வருஷத்துக்கு மேல் பழைய பாலங்களையும் 1873இல் வெட்டிய பால்டிமோர் சுரங்கத்தையும் வைத்துக்கொண்டே ரயில் நிரம்பி வழிகிறது. அந்த ஊர்க்காரர்களும் அமெரிக்கர்கள்தான், அவர்களிடமும் கார் இருக்கிறது.

திரும்பி வரும்போது ரயிலில் தூங்கிவிட்டேன். ஸ்டேஷன் வந்ததும் பக்கத்தில் இருந்தவர் தட்டி எழுப்பினார்.

நாள் 7: திரும்பல்

தோற்றுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மச்சினனுக்கு சான் ஹோசேயில் ஏதோ வேலை, காரில் வருகிறேன், நீங்களும் வாங்க அத்தான் என்றான். மறுக்க மனசில்லை. ஒரே ஒரு நிபந்தனை, நேராகப் போகும் 5ஆம் நெடுஞ்சாலை வேண்டாம், 99 வழியாகப் போகலாம் என்றேன். ஏன் என்று கேட்டான், சொல்லவில்லை.

கணவாயில் பஸ்ஸைவிட கார் சுகமாகத்தான் ஏறியது. பேச்சு, பாட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி ஒரு காபி. கார் சுகம் என்பது சும்மா இல்லை, அதை நான் மறுக்கவே இல்லை. பேக்கர்ஸ்ஃபீல்டைத் தாண்டியதும் அவனுக்குக் கண் சொக்க ஆரம்பித்தது, இடம் மாறி நான் ஓட்டினேன். ஆறு நாள் கழித்துக் கையில் ஸ்டியரிங், சத்தியமாக நன்றாக இருந்தது.

ஃப்ரெஸ்னோ நெருங்கும்போது அவனை எழுப்பினேன். "மேலே பாரு."

வில்கள் வந்தன. 70 மைலில் போனால் அதற்கு அடியில் இருப்பது மூன்று நாலு நொடிதான், நிழல் கண்ணாடியில் ஒரு தடவை விழுந்து போய்விட்டது. அவன் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இது ரயிலுக்கா?"

"ஆமா."

"ரயில் எங்க?"

"இன்னும் வரலை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, "வந்தா சொல்லுங்க, பார்க்கிங் இருந்தா வர்றேன்" என்று கண்ணை மூடிக்கொண்டான். இன்னும் நூற்றைம்பது மைல் இருந்தது.